போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் போச்சம்பள்ளிக்குச் சைக்கிள் மிதிக்கிற தூரம். வெளியூரிலிருந்து சந்தை பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் வருஷா வருஷம் அநேகமாக ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது பட்டுச் சேலைக்குப் பேர்போன போச்சம்பள்ளிதானே?

இல்லை. அது தெலங்கானாவில் இருக்கிறது, பூதான் போச்சம்பள்ளி. 1951 ஏப்ரல் 18 அன்று வினோபா பாவே அந்த ஊருக்கு நடந்து போனபோது நிலமில்லாத தலித் குடும்பங்கள் நிலம் கேட்டன. ராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்து 100 ஏக்கர் தருகிறேன் என்றார். நிலத்தைத் தானமாகக் கேட்டு வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுத்த பூதான இயக்கம் அங்கேதான் தொடங்கியது. நூலை முதலிலேயே கட்டிச் சாயம் தோய்த்து நெய்யும் இக்கத் நெசவும் அந்த ஊருடையது.

எங்களுடையது கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி. இங்கேயும் சேலை கிடைக்கும். ஆனால் அது சூரத்திலிருந்து மூட்டையில் வந்து தார்ப்பாயில் குவித்துக் கிடக்கும் சேலை. போச்சம்பள்ளி சேலை என்று நம்பி வாங்கிப்போய்விட்டுப் பிறகு எங்களைத் திட்டக் கூடாது.

சரி, எங்கே இருக்கிறது?

வரைபடத்தை எடுத்து அளவுகோலை வையுங்கள். கிருஷ்ணகிரி வடமேற்கே, தர்மபுரி தென்மேற்கே, திருப்பத்தூர் வடகிழக்கே. நேர்க்கோட்டில் அளந்தால் ஒவ்வொன்றும் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின். மூன்று பெரிய ஊர்களுக்கும் நடுவில், எதற்கும் பக்கமாக இல்லாமல் விழுந்திருக்கிற ஊர்.

என் கணிப்பில் சந்தையின் கதை இந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. மாட்டு வண்டிக்கு முப்பது கிலோமீட்டர் என்பது ஓர் இரவுப் பயணம். சாயங்காலம் பாரம் ஏற்றிப் புறப்பட்டால் விடியும்போது வந்து சேரலாம், மாடு களைத்திருக்கும், ஆனால் சாகாது. எந்தப் பெரிய ஊர்க் கடைத்தெருவும் கைக்கெட்டாத தொலைவில் இருந்த சுற்றுப்பட்டு கிராமங்களுக்கு, வாரத்தில் ஒரு நாளாவது கடைத்தெருவே இங்கே நடந்து வந்தது.

போச்சம்பள்ளி கிராமமா, டவுனா?

தாலுகா அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 7ஆம் அணி இங்கேதான் முகாமிட்டிருக்கிறது. பக்கத்தில் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. இவ்வளவு இருந்தும் உள்ளாட்சிக் கணக்கில் இது ஊராட்சிதான், பேரூராட்சிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து நெரிசலில் மாட்டிக்கொள்கிறவர்கள் இதை நம்ப மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை வந்து பாருங்கள், புரியும்.

பெயருக்கு என்ன அர்த்தம்?

முன்பாதியைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், விட்டுவிடலாம். பின்பாதி சுவாரசியமானது. இந்த வட்டாரத்தில் ஊர்ப்பெயர்கள் ‘பள்ளி’ என்றும் முடியும், ‘அள்ளி’ என்றும் முடியும். வேப்பனப்பள்ளி, குந்தாரப்பள்ளி ஒரு பக்கம். நாகோஜனஹள்ளி மாதிரி ஊர்கள் இன்னொரு பக்கம், அது கன்னட ‘ஹள்ளி’. ஆந்திர எல்லையும் கர்நாடக எல்லையும் பக்கம் என்பதால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் சந்தையில் கேட்கும். விலை பேசும்போது நாலும் கலந்து ஒன்றாகிவிடும். என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கோழிக்காரரிடம் மூன்று மொழியில் விலை குறைப்பார்.

சந்தை எவ்வளவு பழையது?

தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்தே நடக்கிறது என்பார்கள். வருஷத்தைச் சொல்லி ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. சந்தைக்கு அடியில் இருக்கிற மண்ணின் கதையைச் சொல்கிறேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் செத்த வீரர்களுக்கு நட்ட நடுகற்கள் ஏராளம். நிறையக் கற்களில் எழுதியிருப்பது ஒரே சேதி: மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டு இன்னான் செத்தான். கல்வெட்டில் மாட்டு மந்தைக்குத் ‘தொறு’ என்று பெயர். இந்த வறண்ட நாட்டில் சொத்து என்றால் மாடுதான். நிலம் மழையைப் பார்த்துக் கிடக்கும், மாடு மட்டும் நடக்கும், ஓட்டிக்கொண்டு போகலாம், விற்கலாம். சந்தை வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே சந்தைக்கான சரக்கு இங்கே மேய்ந்துகொண்டிருந்தது.

பிறகு இந்தப் பகுதிக்குப் பாரமகால் என்று பெயர் வந்தது. ஹைதர் அலி, திப்பு காலத்தில் மைசூருக்குக் கட்டுப்பட்டிருந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் இதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் கலெக்டராக வந்தார், அவருக்கு உதவியாளராகத் தாமஸ் மன்றோ. வயல் வயலாக அளந்து, குடியானவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை இவர்கள் முதலில் பழகிப் பார்த்தது இந்த மண்ணில்தான். வரியைப் பணமாகக் கட்ட வேண்டும் என்றால் ராகியையும் கடலையையும் ஆட்டையும் யாரிடமாவது காசாக்க வேண்டுமே. ஊருக்குள் மாற்றுப் பண்டமாகச் சுற்றிக்கொண்டிருந்த பொருள் ரொக்கமாக மாற ஓர் இடம் வேண்டும். வாரச்சந்தைகள் வேரூன்றியதில் இந்த வரிக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

1876–78 தாது வருஷப் பஞ்சம் அன்றைய சேலம் ஜில்லாவை உருக்குலைத்தது. அதற்குப் பிறகு பஞ்சகாலத்தில் தானியம் கொண்டுவர வசதி வேண்டும் என்று ரயில் போட்டார்கள். திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி குறுகிய பாதை 1905இலும், மொரப்பூர்–தர்மபுரிப் பாதை 1906இலும் வந்தன. இரண்டையும் 1941இல், உலகப் போர் நேரத்தில் மூடிவிட்டார்கள். தர்மபுரிக்குப் பிற்பாடு ரயில் திரும்பி வந்தது, கிருஷ்ணகிரி நகரம் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. ரயில் வந்தது, போனது. சந்தை அதன் பாட்டுக்கு வண்டியிலும், பிறகு பஸ் கூரையிலும், இப்போது மினி வேனிலும் நடக்கிறது.

1957இல் கிருஷ்ணகிரி அணை வந்தது. பாரூர் பெரிய ஏரிக்குத் தென்பெண்ணையிலிருந்து நெடுங்கல் அணைக்கட்டு வழியாகத் தண்ணீர் வரும். தண்ணீர் எட்டிய இடத்தில் நெல்லும் தென்னையும், எட்டாத மேட்டில் மாவும் புளியும் ராகியும். சந்தையில் கால் வைத்த உடனே இந்த மேடு பள்ளம் தெரிந்துவிடும்.

ஏன் ஞாயிற்றுக்கிழமை?

பக்கத்துச் சந்தையோடு மோதாமல் இருக்க. ஒவ்வொரு ஊரும் ஒரு கிழமையை எடுத்துக்கொள்ளும், வியாபாரி வளையமாகச் சுற்றிவருவான். குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமை, எங்களுக்கு ஞாயிறு. தெற்கே போனால் அய்யலூர் வியாழக்கிழமை. கிழமையே ஊர்ப்பெயர் ஆன இடங்களும் உண்டு: நாமக்கல் பக்கம் புதன்சந்தை, பாலக்கோட்டுப் பக்கம் வெள்ளிச்சந்தை, குமரி மாவட்டத்தில் திங்கள்சந்தை.

அதனால் எங்கள் வாரம் திங்கட்கிழமை தொடங்குவதில்லை. ‘சந்தைக்கு முந்தின நாள்’, ‘சந்தை கழிஞ்ச மறுநாள்’ என்றுதான் கணக்கு. கடன் கொடுத்தவர் ‘வர்ற சந்தைக்குத் தந்துடு’ என்பார். எட்டு நாள் தவணை என்று அதற்குப் பொருள்.

அங்கே என்ன கிடைக்கும்?

‘உப்பு முதல் தங்கம் வரை’ என்று சொல்வது வழக்கம். மிகையில்லை. தார்ப்பாய்க் கூரைக்கு அடியில் நகை விற்கும் வாரச்சந்தையை நீங்கள் வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாது. மூக்குத்தி, தாலிக்குண்டு, கொலுசு, மெட்டி. பெரிய நகைக்கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போகக் கூச்சப்படுகிறவர்கள், கடலை விற்ற காசு கையில் இருக்கும்போதே அரை கிராம் வாங்கிப்போகிற இடம். பரம்பரையாக ஒரே நகைக்காரரிடம் வாங்கும் குடும்பங்கள் உண்டு. நீங்கள் புதியவர் என்றால் ஹால்மார்க் பார்த்து வாங்குங்கள்.

மற்றபடி ஆடு, மாடு, நாட்டுக்கோழி. புளி, கொள்ளு, துவரை, மொச்சை, ராகி. அரிவாள், களைக்கொத்து, மண்வெட்டி. முறம், கூடை, பாய், கயிறு. கருவாட்டு வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம். மாசி, பங்குனியில் புதுப்புளி மலைபோலக் கிடக்கும். மாம்பழக் காலத்தில் நல்ல பழம் தேடி இங்கே வராதீர்கள். தோப்புக் காய் பெரும்பாலும் லாரியில் நேராக மண்டிக்கும், பெங்களூரா என்று நாங்கள் சொல்லும் கிளிமூக்குக் காய் கூழ் ஆலைக்கும் போய்விடும்.

எத்தனை மணிக்கு வர வேண்டும்?

ஆடு, மாடு என்றால் விடிவதற்கு முன்னால். காய்கறி என்றால் காலை முழுக்க. விலை குறைய வேண்டும், வாடல் பரவாயில்லை என்றால் சாயங்காலம்.

மாடு வாங்குவது எப்படி? துண்டுக்குள் கைவிட்டுப் பேசுகிறார்களே, அது என்ன?

தரகர் விலை பேசும் முறை. விற்பவர் கையும் வாங்குபவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கும். விரலைப் பிடித்து அழுத்தினால் தொகை. ஒரு விரல் ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்கும் பத்துப் பேருக்குத் தெரியாது, அதுதான் நோக்கம். இந்த மாடு இவ்வளவுக்குப் படிந்தது என்று பக்கத்து மாட்டுக்காரனுக்குத் தெரிந்தால் அவன் பேரம் கெட்டுப்போகும். விற்காமல் திரும்பினாலும் ‘இவ்வளவுக்குத்தான் கேட்டான்’ என்ற அவமானம் வெளியே வராது. இப்போதெல்லாம் வாய்விட்டே பேசிவிடுகிறார்கள். வயசான தரகர்கள் மட்டும் துண்டை விடவில்லை.

வயசைப் பல்லில் பார்ப்பார்கள். பால் பல் விழுந்து நிலைப்பல் இரண்டு முளைத்திருந்தால் ‘ரெண்டு பல்’, ஏறக்குறைய இரண்டு இரண்டரை வயசு. அப்புறம் நாலு பல், ஆறு பல். எட்டும் முளைத்துவிட்டால் ‘கடை சேர்ந்துட்டுது’ என்பார்கள். அதற்கு மேல் வயசு சொல்வது தேய்மானத்தை வைத்து, அதாவது அனுபவத்தை வைத்து. பிறகு சுழி. நெற்றியில், முதுகில் மயிர் சுழிக்கும் இடத்தை வைத்து இது வீட்டுக்கு ஆகும், இது ஆகாது என்று ஒரு பெரிய சாஸ்திரமே உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் கெட்ட சுழி என்று பெயர் வாங்கிய மாட்டை நாளைக்கு நீங்கள் விற்கப் போகும்போது எதிரில் நிற்பவருக்கு நம்பிக்கை இருக்கும், அதனால் பார்த்தே வாங்குங்கள்.

விலை படிந்தால் அச்சாரம் கொடுத்தாக வேண்டும். மாட்டைக் கொடுக்கிறவர் பழைய கயிற்றைக் கொடுக்க மாட்டார், கையோடு கயிறு போனால் வீட்டு மாட்டு ராசியும் போய்விடும் என்று நம்பிக்கை. நீங்கள் புதுக்கயிறு கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் சந்தையிலேயே வாங்க வேண்டும். கயிறு விற்பவர் மாட்டுப் பக்கத்திலேயே கடை போட்டிருப்பதற்குக் காரணம் அதுதான்.

நான் ஒருமுறை ‘வேளைக்கு நாலு லிட்டர்’ என்று சொன்ன பசுவை வாங்கி வந்தேன். மறுநாள் ஒன்றரை லிட்டர் கறந்தது. முந்தின வேளை கறக்காமல் மடியைக் கட்டவிட்டு ஓட்டி வந்திருக்கிறார்கள். அப்பா ஒன்றும் திட்டவில்லை, ‘கன்னுக்குட்டி எங்கடா?’ என்று மட்டும் கேட்டார். கன்று கூட இல்லாத கறவை மாட்டை வாங்காதே என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பர்கூர் மாடு இங்கே கிடைக்குமா? பர்கூர் பக்கத்தில்தானே இருக்கிறது?

அந்தப் பர்கூர் வேறு. மாட்டினத்துக்குப் பெயர் தந்தது ஈரோடு மாவட்டத்து அந்தியூருக்கு மேலே உள்ள பர்கூர் மலை. எங்கள் பக்கத்துப் பர்கூருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த வட்டாரத்துக்கென்று உள்ள மாடு ஆலம்பாடி, அதுவும் இப்போது அரிதாகிவிட்டது. ஆட்டில் சேலம் கருப்பு கிடைக்கும்.

எடை, அளவெல்லாம் சரியாக இருக்குமா?

தராசு இருக்கிற இடத்தில் சரியாகத்தான் இருக்கும். பாதிப் பொருளுக்குத் தராசே கிடையாது என்பதுதான் விஷயம். 1957 ஏப்ரல் 1 அன்று அணா போய் நயா பைசா வந்தது, அடுத்த வருஷத்திலிருந்து கிலோ வந்தது. சுமார் 1.4 கிலோ உள்ள வீசையும், எட்டு வீசை சேர்ந்த மணங்கும் மெல்ல மறைந்தன. ஆனால் தக்காளி இன்னும் ‘கூறு’ கட்டித்தான் கிடக்கிறது. பூ முழத்தில், கீரை கட்டில், பயறு சில இடத்தில் படியில். கூறு என்றால் குவியல், இத்தனை ரூபாய்க்கு ஒரு குவியல். கையில் உள்ள காசுக்கு ஏற்ற அளவில் பொருள் கிடைக்கும். குலுக்கிப் பார்த்து, ‘இன்னும் ரெண்டு போடு’ என்று கேட்டால் போடுவார்கள். அந்த இரண்டையும் சேர்த்துத்தான் முதலிலேயே விலை சொல்லியிருப்பார்கள்.

சந்தையை யார் நடத்துகிறார்கள்?

இடம் உள்ளாட்சியுடையது. சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவருடைய ஆட்கள் ஆட்டுக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு, தரைக்கடைக்கு இவ்வளவு என்று வாங்கிச் சீட்டுக் கிழித்துத் தருவார்கள். பலகையில் எழுதியிருக்கும் தொகையும் வாங்கும் தொகையும் எப்போதும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் கோழிக்கு என்னிடம் இரண்டு மடங்கு கேட்டார்கள். பலகையைக் காட்டினேன், ‘பலகை பழசு’ என்றார்கள். சீட்டைக் கேட்டு வாங்குங்கள், மாட்டுக்கு அது வழியில் கேட்டால் காட்டவும் ஆகும்.

சந்தையில் சாதி உண்டா?

காசுக்குச் சாதி இல்லை என்று எழுதிவிட்டுப் போகலாம், அது பாதி உண்மை. ஊர்த்தெருவில் நடக்க முடியாதவர்கள் சந்தையில் தோளோடு தோள் இடித்து நடந்தார்கள் என்பது நிஜம். அதே சந்தையில் யார் எதை விற்பது என்பதைச் சாதி வகுத்து வைத்திருந்தது என்பதும் நிஜம். முறம் பின்னியவர், செருப்பு தைத்தவர், அம்மி கொத்தியவர் எல்லாம் எந்த மூலையில் உட்கார்ந்தார்கள் என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். டீக்கடையில் தனி டம்ளர் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இப்போது பேப்பர் கப்பு. எல்லோருக்கும் ஒன்றுதான்.

பெண்களுக்குச் சந்தை வேறு ஒரு கணக்கு. கட்டிக்கொடுத்த மகளை அம்மா பார்ப்பது பல வீடுகளில் சந்தையில்தான். இரண்டு ஊருக்கும் பொதுவான இடம், சம்பந்தி வீட்டுக்குப் போகாமலே பேசிவிடலாம். புளியமரத்தடியில் அப்படிப் பேசிக்கொண்டு நின்றவர்களை நான் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன், எதற்கு அழுகிறார்கள் என்று புரியாமல். மாப்பிள்ளை விசாரிப்பது, கடன் வசூல், சாவுச் சேதி எல்லாம் அங்கேயே. இப்போது போன் இருக்கிறது, அழுகை வீட்டிலேயே முடிகிறது.

உழவர் சந்தையும் இதுவும் ஒன்றா?

இல்லை. உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய அரசுத் திட்டம். அடையாள அட்டை உள்ள விவசாயி மட்டும் தினமும் விற்பது, விலையும் பலகையில் போட்டிருக்கும். இங்கே யாரும் விற்கலாம், விலை உங்கள் வாய்.

சந்தை நின்றுபோனது உண்டா?

உண்டு. 2020 ஊரடங்கில் எல்லாச் சந்தையும் நின்றது. ஆனால் அந்த ஜூலை, ஆகஸ்டில் தளர்வு வந்தபோதும் தமிழ்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழு ஊரடங்கு. எங்கள் சந்தைக்கு இருப்பதே அந்த ஒரு கிழமை! 2022 ஜனவரியிலும் அதே கதை. நோய்க்குக் கிழமை தெரியுமா என்று ஆட்டுக்காரர்கள் புலம்பினார்கள்.

தேர்தல் வந்தால் வேறு தொல்லை. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் ஆவணம் கேட்பார்கள். நாலு ஆடு விற்றாலே அதை நெருங்கிவிடும், துண்டுக்கடியில் பேசிய பேரத்துக்கு எந்த ரசீதைக் காட்டுவது? 2017 மே மாதம் மாட்டுச் சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஒரே வாரத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. கிழட்டு மாட்டை விற்ற காசில்தான் இளம் மாடு வாங்குவது, அந்தச் சங்கிலி அறுந்தால் குடியானவன் கையில் ஒன்றும் இருக்காது என்பதை டெல்லியில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சிப்காட் வந்த பிறகு சந்தை சுருங்கிவிட்டதா?

ஆள் சுருங்கவில்லை, சரக்கு மாறியிருக்கிறது. ஓலா ஸ்கூட்டர் ஆலை 2021இல் இந்தப் பக்கம் வந்தது. சீருடை போட்ட பெண் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் கூட்டமாக வந்து வளையலும் செருப்பும் பிளாஸ்டிக் வாளியும் வாங்குகிறார்கள். வடநாட்டுப் பையன்கள் உருளைக்கிழங்கை மூட்டையாகவே தூக்கிப்போகிறார்கள். ஏர் விற்ற இடத்தில் செல்போன் கவர் விற்கிறது. நாலு மொழிச் சந்தையில் இந்தி ஐந்தாவதாகச் சேர்ந்துகொண்டது. ‘கித்னா?’ (எவ்வளவு?) என்றால் பூக்காரம்மா விரலைக் காட்டுகிறார், துண்டு இல்லாமல்.

திரும்பும்போது என்ன வாங்கிப் போகலாம்?

பொரியும் கடலையும். சந்தைக்குப் போய்விட்டுப் பொரி இல்லாமல் வீட்டுக்கு வந்தவரை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வாசலிலேயே நிறுத்திவிடும். மஞ்சப்பை கொண்டு வாருங்கள், பிளாஸ்டிக் பை 2019இலிருந்து தடை. பொரிக்கடைக்கு வழி கேட்கத் தேவையில்லை, எதிரே வருகிற குழந்தை கையில் எந்தப் பக்கமிருந்து பொரி சிந்துகிறது என்று பார்த்துக்கொண்டே நடங்கள்.